அந்தக் கறுப்புத் துண்டு கடல் அட்டைதான்

தம்பி கேட்டது இதுதான்: சீனப் பெருநாளுக்குக் கம்பெனியில் கொடுத்த விருந்தில் நாலாவதோ ஐந்தாவதோ தட்டில் கறுப்பாக, வழவழவென்று, கடித்தால் ருசியே தெரியாத ஒன்று வந்தது, பக்கத்தில் இருந்தவர் "ஹாய்சோம், விலை ஜாஸ்தி, மிச்சம் வைக்காதே" என்றார், அது என்ன, ஏன் அந்த விலை, பங்கோர் தீவில் விற்கிற காமாட் எண்ணெயும் இதுவும் ஒன்றா, நம் ஆட்கள் ஏன் அதைத் தொடுவதே இல்லை?

நான் மலேசியாவில் சித்தியவான் ஊரில் ஒரு சீனருடைய காய்ந்த கடல் சாமான் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். அப்பா பால்மரத் தோட்டம், அம்மாவும் பால்மரம் வெட்டியவர், நான் மட்டும் கிராணி வேலையும் கிடைக்காமல் பட்டணத்துக்கு வந்து மூட்டை தூக்கப் போனேன். கேட்டது நாலு கேள்வி, பதில் கொஞ்சம் நீளும், உட்கார்ந்து படியுங்கள்.

அது கடல் அட்டை. பெயர் அட்டை என்றாலும் மழைக்காலத்தில் தோட்டத்தில் காலில் ஏறுகிற அட்டைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும்தான் இது பங்காளி. கண் கிடையாது, மூளை கிடையாது, கடலடி மணலை வாயால் அள்ளி விழுங்கி அதில் ஒட்டியிருக்கிற பாசியையும் மக்கலையும் செரித்துக்கொண்டு மணலை மட்டும் பின்னால் சுத்தமாகத் தள்ளிவிடும். நிலத்தில் மண்புழு பார்க்கிற வேலையைக் கடலில் இது பார்க்கிறது. மூச்சு விடுவதும் அதே பின்பக்கமாகத்தான். தொந்தரவு செய்தால் சில வகைகள் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டு, அப்புறம் புதுக் குடலை வளர்த்துக்கொள்ளும். 1,700 வகை வரை இருக்கின்றன, அதில் வியாபாரத்துக்கு ஆவது 70, 80 வகைதான்.

ஒவ்வொருவரும் வைத்த பெயரைப் பாருங்கள். நமக்கு அட்டை. மலாய்க்காரருக்குத் தீமுன் லாவுட், கடல் வெள்ளரிக்காய். போர்த்துகீசியர் கடல் புழு என்றார்கள், அதைப் பிரெஞ்சுக்காரர் திரித்து பேஷ்-த-மேர் ஆக்கினார்கள். துறைமுகங்களில் அதிகம் ஓடிய பெயர் தெரிப்பாங், அதுவும் மலாய்தான். சீனர் மட்டும்தான் ஹாய்ஷென் என்று வைத்தார்கள், உங்கள் பக்கத்தில் இருந்தவர் சொன்ன ஹாய்சோம் அதே சொல்தான், அதாவது கடல் ஜின்செங். மிங் அரசர் ஆட்சியின் கடைசியில், 1600-களின் தொடக்கத்திலேயே, உடம்புக்குத் தெம்பு கொடுப்பதில் இது ஜின்செங்குக்குச் சமம், அதனால்தான் இந்தப் பெயர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மருந்து, விருந்து என்று பிரிக்காத சமையல் அது. பணக்காரர் மேசையில் ஏறியதும் வடசீனக் கடலில் கிடைத்த முள் வகை போதவில்லை, தெற்கே திரும்பினார்கள். அங்கிருந்துதான் கதை நம் பக்கம் வருகிறது.

ஆனால் விலையைப் புரிந்துகொள்ள வரலாற்றுக்கு முன்னால் சட்டியைப் பார்க்க வேண்டும்.

கடையில் வந்து இறங்கும்போது அது கரித்துண்டு மாதிரி இருக்கும். தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒன்றை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் தட்டுவார், 'டக்' என்று கேட்க வேண்டும், மொத்தையாகச் சத்தம் வந்தால் உள்ளே ஈரம், இல்லை உப்பை ஏற்றி எடை கூட்டியிருக்கிறார்கள் என்று மூட்டையைத் திருப்பிவிடுவார். பெருநாளுக்கு முன்னால் ஊறவைத்த சரக்கும் விற்போம், அந்த வேலை என் தலையில். முதல் நாள் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மறுநாள் தண்ணீரை மாற்றிக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் அப்படியே ஆறவிட வேண்டும். கொஞ்சம் இளகியதும் வயிற்றை நீளவாக்கில் கத்தரித்து, உள்ளே இருக்கிற மணலையும் நரம்பு மாதிரி ஓடுகிற பட்டையையும் விரலால் வழித்து எடுக்க வேண்டும். அப்புறம் மறுபடி கொதி, மறுபடி ஆறல், மறுபடி புதுத் தண்ணீர், மூன்று நாலு நாள் இப்படி. விரல் மொத்தத்தில் இருந்தது கடைசியில் கையளவு உப்பி நிற்கும், அழுத்தினால் ரப்பர்ப் பால் உறைந்த கட்டி மாதிரி திரும்பி வரும். நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம், ரப்பர் ஆலைப் பக்கம் வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு, சட்டியில் எண்ணெய் ஒரு சொட்டுப் படக்கூடாது, பட்டால் கரைந்துவிடும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு வருஷம் மீ கிளறிய கரண்டியை அலம்பாமல் போட்டுக் கலக்கினேன். காலையில் மூடியைத் திறந்தால் பாதிச் சட்டி கஞ்சி. எண்ணெயால்தான் ஆனதா, இல்லை அடுப்பைச் சரியாக அணைக்கவில்லையா, இன்றைக்கு வரைக்கும் சந்தேகம்தான், ஆனால் தவுக்கே மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார். நியாயம்தான், சரக்கு அந்த விலை. இன்றைக்கு நல்ல முள் வகை கிலோ ஆயிரம் வெள்ளியைச் சாதாரணமாகத் தாண்டும்.

சமையலறையில் இவ்வளவு என்றால் கடற்கரையில் இதற்கு மேல். பிடித்த அட்டையைச் சும்மா வெயிலில் போட்டால் அழுகிக் கூழாகிவிடும், உடம்பு முழுக்கத் தண்ணீர். குடலை எடுத்து, வேகவைத்து, சில வகைகளை ஈர மணலில் குழி தோண்டிப் புதைத்து வைப்பார்கள். வெள்ளை அட்டை என்று நம் கடற்கரையில் சொல்லும் வகைக்குத் தோலில் சுண்ணாம்புத் தூள் மாதிரி ஒரு படலம் உண்டு, மணலுக்குள் இருக்கும்போது அது மக்கி இளகும், மறுநாள் எடுத்துத் தேய்த்துக் கழுவினால் உரிந்து வரும். அப்புறம் மறுபடி வேகவைத்து வெயிலிலோ புகையிலோ காயவைக்க வேண்டும். நூறு கிலோ பச்சை அட்டையில் கடைசியில் தேறுவது ஐந்து கிலோ அளவுதான். சரி, இப்போது விலை ஏன் என்று பாதி புரிந்திருக்கும். மீதிப் பாதி தூரம்.

இந்தத் தூரத்தில் எனக்குப் பிடித்த கதை மக்காசார்க்காரர்களுடையது. சுலாவேசி தீவின் மக்காசார் துறைமுகத்திலிருந்து, 1700-களின் நடுவிலிருந்தாவது, வருஷா வருஷம் டிசம்பர் வாக்கில் வடமேற்குப் பருவக்காற்றைப் பிடித்துப் பெராவு என்கிற பாய்மரப் படகுகளில் வடக்கு ஆஸ்திரேலியாவுக்குப் போவார்கள். அந்தக் கரைக்கு அவர்கள் வைத்த பெயர் மாரேகே. அங்கே நாலைந்து மாதம் தங்கி அட்டை பிடித்து, வரிசையாகக் கல் அடுக்கிப் பெரிய இரும்பு அண்டாக்களை ஏற்றி வேகவைத்து, கொட்டகை போட்டுப் புகையில் காயவைத்து, ஏப்ரல் வாக்கில் காற்று திரும்பியதும் வீட்டுக்கு வருவார்கள். மக்காசாரில் சீனக் கப்பல் காத்திருக்கும், சரக்கு அமோய் துறைமுகத்துக்குப் போகும். வெள்ளைக்காரர் அந்தக் கரையில் குடியேறுவதற்கு முன்பே நடந்த வியாபாரம் இது.

1803 பிப்ரவரியில் மேத்தியூ ஃபிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரைபடம் போட்டுக்கொண்டு வந்தபோது, அங்கே ஆறு பெராவு நங்கூரம் போட்டு நிற்பதைப் பார்த்துக் கொள்ளைக்காரர்களோ என்று முதலில் பயந்தார். படகுகளின் தலைவர் பொபாசூ. பேச மொழி வேண்டுமே, ஃபிளிண்டர்ஸ் கப்பலின் சமையல்காரர் மலாய்க்காரர், அவர்தான் இருவருக்கும் நடுவில் நின்று பேசினார். மொத்தம் 60 படகு, 1,000 ஆட்கள் இந்தக் கரையில் இருக்கிறோம் என்று பொபாசூ சொன்னார். அறுபது படகு! ஒரு தோட்டத்து லயத்து ஜனங்கள் மொத்தமும் கடலில் இறங்கியது மாதிரி இருந்திருக்கும்.

இப்போதும் அந்தக் கரையில் அவர்கள் அண்டா ஏற்றிய கல்வரிசைகள் கிடக்கின்றன. அதைவிட, புளியமரங்கள் நிற்கின்றன. சாப்பாட்டுக்குக் கொண்டுபோன புளியின் கொட்டையைத் துப்பிய இடத்தில் முளைத்தவை. ஆஸ்திரேலியப் பழங்குடியான யோல்ங்கு மக்களின் பேச்சில் பணத்துக்கு ருப்பியா என்ற சொல் இருக்கிறது, மக்காசார்க்காரர் விட்டுவிட்டு வந்தது, நம்முடைய ரூபாயின் தூரத்துச் சொந்தம். வெள்ளைக்காரருக்கு பலந்தா, அது ஹாலந்துக்காரர் என்பது திரிந்து வந்தது. 1880-களில் தெற்கு ஆஸ்திரேலிய அரசு இவர்களுக்கு வரியும் லைசென்சும் போட ஆரம்பித்து, 1906-ல் லைசென்சே கிடையாது என்று நிறுத்தியது. உசிங் டாயெங் ரங்கா என்பவரின் படகு 1907-ல் திரும்பியதோடு அந்தப் பயணம் முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு பாடுபட்டவர்கள் அதைச் சாப்பிடவில்லை. மக்காசார்க்காரருக்கு அது சரக்கு. படகு கிளம்புவதற்கு முன்பே மக்காசாரின் சீன வியாபாரிகளும் மற்றவர்களும் முன்பணம் கொடுப்பார்கள், அரிசி, கயிறு, கத்தி எல்லாம் கடனில்தான், திரும்பி வந்து சரக்கில் கழிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. கங்காணி கையில் முன்பணம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறியவர், இங்கே வந்து எத்தனை வருஷம் அதைக் கழித்தார் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். ரப்பர் டயரை அவர் எங்கே போட்டு ஓட்டினார்?

சூலு தீவுகளில் நடந்தது இதைவிட மோசம், சபாவுக்கும் மிண்டனாவோவுக்கும் நடுவில் இருக்கிற தீவுகள் அவை. 1700-களின் கடைசியில் ஆங்கிலேயருக்குச் சீனத் தேயிலை பைத்தியம் பிடித்திருந்த காலம். கேன்டனில் தேயிலை வாங்கச் சீனருக்குப் பிடித்த சரக்கு எதையாவது கொடுத்தாக வேண்டும், அதில் கடல் அட்டை, பறவைக் கூடு, முத்துச் சிப்பி மூன்றும் உண்டு. சூலு சுல்தானகத்தின் கடலில் மூன்றுமே கொட்டிக் கிடந்தன, பிடிக்கத்தான் ஆள் போதவில்லை. ஆளைக் கொள்ளையடித்துக் கொண்டுவந்தார்கள். இரானுன், பாலாங்கிங்கி என்கிற கடலோடி இனத்தாரின் படகுகள் பிலிப்பைன்ஸ் கரையிலிருந்து மலாயாக் கரை வரைக்கும் வந்து மனிதர்களைப் பிடித்துப் போயின, அவர்களில் பலரைச் சிப்பி குளிக்கவும் அட்டை பொறுக்கவும் இறக்கினார்கள். மலாயில் கடற்கொள்ளையனை லானுன் என்கிறோமே, அது அந்த இரானுன்தான். லண்டனில் யாரோ குடித்த தேநீருக்கும் பெய்ஜிங்கில் யாரோ குடித்த சூப்புக்கும் நடுவில் பிடித்து விற்கப்பட்ட ஆட்கள் இருந்தார்கள்.

அப்புறம் ஃபிஜி. அங்கே முதலில் சந்தனமரத்தை வெட்டித் தீர்த்தார்கள், அது முடிந்ததும் 1820-களிலிருந்து அட்டையில் கை வைத்தார்கள், வந்தவர்கள் சேலத்துக்காரர்கள். பதறவேண்டாம், நம்ம சேலம் இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் அதே பெயரில் ஒரு துறைமுகம். தலைவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்து ஆள் வாங்கினார்கள், சரக்கு மணிலா வழியாகச் சீனாவுக்கு, துப்பாக்கி தீவுக்குள் சண்டைக்கு. அட்டை காயவைக்க எரித்த விறகிலேயே கரையோரக் காடு எவ்வளவோ போனது. 1819-க்குப் பிறகு சிங்கப்பூர் வரியில்லாத துறைமுகமாக வந்ததும் தீவுச் சரக்கு நிறைய அங்கே குவிய ஆரம்பித்தது, இன்றைக்கு அந்த இடத்தில் ஹாங்காங்.

நம் கடலும் இதில் உண்டு. மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும், அதாவது ராமேஸ்வரம், தூத்துக்குடி, அந்தப் பக்கம் மன்னார், யாழ்ப்பாணம். வெள்ளை அட்டை, ராஜா அட்டை, குச்சி அட்டை, நூல் அட்டை என்று மீனவர்கள் வகைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெயர் வைத்தும் ஒருவரும் குழம்பு வைக்கவில்லை. குளித்து எடுத்து, வேகவைத்து, சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் அனுப்பினார்கள். அளவுக்கு மீறிப் போகிறது என்று 1982-ல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக்கூடாது என்றது இந்திய அரசு. 2001-ல் எல்லா வகையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குக் கொடுக்கிற முதல் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். இலங்கையில் லைசென்ஸ் இருந்தால் பிடிக்கலாம். நடுவில் இருப்பதோ ஒரு ராத்திரியில் தாண்டுகிற கடல். அப்புறம் என்ன நடக்கும்? "கடல் அட்டை பறிமுதல்" என்று தமிழ்நாட்டுப் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோமே, அதுதான்.

இதில் வருத்தமான வேடிக்கை ஒன்று. வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டியது முதன்முதலில் தூத்துக்குடியில்தான், 1988-ல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார். இன்றைக்கு அதே வகையை வியட்நாமிலும் மடகாஸ்கரிலும் பண்ணை போட்டு வளர்த்து விற்கிறார்கள், யாழ்ப்பாணக் கடலிலும் வேலி கட்டி வளர்க்கிறார்கள். தடை போட்டதைத் தப்பென்று சொல்லமாட்டேன், ஆனால் வளர்க்கிறவனுக்கும் திருடுகிறவனுக்கும் ஒரே சட்டம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தடை எதற்கு, கடலில் இல்லாததா என்றால், இது ஓடாது, ஒளியாது, கையால் பொறுக்கலாம், அதுதான் இதற்கு ஆபத்து. இன்னொன்று, ஆணும் பெண்ணும் சேர்வது கிடையாது, இரண்டும் தங்கள் பங்கைத் தண்ணீரில் விட்டுவிடும், அது தண்ணீரிலேயே கலக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் கலக்கும். பத்தில் ஒன்றை விட்டுவைத்தால் பெருகிவிடும் என்று நினைத்தால், அந்த ஒன்றுக்கு ஜோடி அரை மைல் தூரத்தில் இருக்கும். அதனால்தான் ஒரு கரை தீர்ந்தால் வருஷக்கணக்கில் திரும்புவதில்லை, வியாபாரி அடுத்த கரைக்குப் போய்விடுவார். 1980-களுக்குப் பிறகு சீனாவில் கையில் காசு புழங்க ஆரம்பித்ததும் இந்த ஓட்டம் உலகம் முழுக்கப் பரவி, கலாபகஸ் தீவு வரைக்கும் போனது. அங்கே 1994-ல் மூன்று மாதத்துக்கு 5,50,000 அட்டை என்று அளவு வைத்தார்கள், பிடித்ததோ பல மடங்கு, அதனால் முன்கூட்டியே நிறுத்தினார்கள். கோபத்தில் மீனவர்கள் 1995 ஜனவரியில் டார்வின் ஆராய்ச்சி நிலையத்தையே முற்றுகை போட்டு, ராட்சத ஆமைகளைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டினார்கள். ஓர் அட்டைக்காக ஆமையைப் பணயம் வைத்த கதை அது. சீனாவே இப்போது முள் வகையைப் பண்ணையில் வருஷத்துக்கு 2 லட்சம் டன் அளவில் வளர்க்கிறது, ஆனாலும் கடலில் பிடித்த சரக்குக்கு மவுசு குறையவில்லை.

காமாட் கேட்டிருந்தீர்கள். அதுவும் கடல் அட்டைதான், ஆனால் விருந்துத் தட்டில் வந்த வகையாக இருக்க வேண்டியதில்லை. மலாய்க்காரர் ஒரு குடும்பத்து வகைகளை மட்டும்தான் காமாட் என்பார்கள், லங்காவியும் பங்கோரும் அதற்குப் பேர்போனவை. அவர்களுக்கு அது சாப்பாட்டைவிட மருந்து, பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் சுன்னத் செய்த பையனுக்கும் புண் ஆறக் கொடுப்பது. தேங்காய் எண்ணெயில் காய்ச்சினால் மிஞாக் காமாட், அப்புறம் காமாட் தண்ணீர், சோப்பு, பற்பசை எல்லாம் வந்துவிட்டன. சின்னக் காயத்துக்கு நானும் தடவியிருக்கிறேன், ஆறியது, தடவாவிட்டாலும் ஆறியிருக்கும். இனிப்புநீர் உள்ளவர்கள் கால் புண்ணுக்கு இதை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள், என் சித்தப்பா அப்படித்தான் இரண்டு விரலை இழந்தார்.

அந்த விருந்தில் ருசியில்லை என்றீர்கள். ருசி இருக்காது, அது சூப்பின் ருசியை வாங்கிக்கொள்கிற சாமான், வாயில் வழுக்கி, பிறகு மெல்லக் கடிபடுகிற அந்தப் பதத்துக்குத்தான் காசு. எங்கள் ஊர்ப்பக்கம் ஃபூச்சோ சீனர் அதிகம், அவர்கள் ஊர்ச் சமையலில் 'புத்தர் மதில் தாண்டினார்' என்று ஒன்று உண்டு, கடல் அட்டையும் இன்னும் என்னென்னவோ போட்டு ஜாடியில் மணிக்கணக்கில் வேகவைப்பது, வாசனைக்குச் சைவச் சாமியாரே சுவர் ஏறிக் குதிப்பார் என்று பெயர். தவுக்கே வீட்டில் ஒருமுறை கிடைத்தது. நன்றாகவே இருந்தது, அட்டையை மட்டும் தனியாக நினைத்துப் பார்த்தால் சொல்ல ஒன்றும் இல்லை.

நம் ஆட்கள் ஏன் தொடுவதில்லை என்றால், எனக்குத் தெரிந்த காரணம் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்தது. ஒரு பெருநாளுக்கு ஊறிய அட்டை இரண்டைத் தவுக்கே சும்மா கொடுத்தார். வீட்டில் கொண்டுவந்து பேசினில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிட்டு, எப்படிச் சமைப்பது என்று கேட்க அம்மாவைக் கூப்பிட்டேன். "என்னடா இது" என்றார். கடல் அட்டை என்று சொன்னேன். முப்பது வருஷம் விடியற்காலையில் மரம் வெட்டப் போய்க் காலில் ஏறியதைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டவர். அட்டை என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. உள்ளே போனார், சமையலறையிலிருந்து உப்பு டின்னோடு வந்தார், இரண்டு கை நிறைய அள்ளி அதன் மேல் கொட்டிவிட்டு, சுருங்குகிறதா என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.